நாகேந்திரத்தின் காட்டு நடை

வெள்ளவத்தையை விட்டுக் கிளம்பியதற்குத் தன் இரத்தப் பரிசோதனை அறிக்கைதான் காரணம் என்று நாகேந்திரம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லுவார். அது பாதி உண்மை. அந்த அறிக்கை மனைவி பாலேஸ்வரியின் கையோடு நின்றிருந்தால் அவர் இன்றைக்கும் வெள்ளவத்தையில்தான் இருந்திருப்பார். பாலேஸ்வரி அதைப் படம் எடுத்து மெல்பேணில் இருக்கும் மகள் மேனுகாவுக்கு அனுப்பிவிட்டார்.

காப்புறுதிக் கம்பனி வேலையிலிருந்து ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றபோது நாகேந்திரம் தொண்ணூற்று நான்கு கிலோ. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். நடக்காத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. முன்வீட்டு மஹ்ரூபோடும், தெஹிவளையிலிருந்து இதற்கென்றே பஸ் ஏறி வரும் கிருஷ்ணராஜோடும் ஒவ்வொரு மாலையும் மரைன் டிரைவில் நடப்பார். பம்பலப்பிட்டிப் பக்கம் போய்த் திரும்பி வரும்போது ஒரு கடையில் ரோல்ஸ் எண்ணெயிலிருந்து இறங்கும் நேரமாக இருக்கும். அந்த நேரம் தற்செயலாக அமைந்ததல்ல. பல வருட அனுபவத்தில் மூவரும் கணித்து வைத்தது.

"அப்பா, இஞ்ச எழுபது வயசுச் சனமெல்லாம் சனி ஞாயிறில புஷ் வோக் எண்டு காட்டுக்குள்ள பத்துக் கிலோமீற்றர் நடக்குதுகள்" என்றாள் மேனுகா தொலைபேசியில். "நீங்கள் ரோல்ஸுக்கு நடக்கிறீங்கள்."

"ரோல்ஸைப் பற்றி உனக்கு ஆர் சொன்னது?"

பாலேஸ்வரி குசினிக்குள் போய்விட்டார்.

அந்த வாரமே, கூட வேலை செய்த ஒருவர் கனடாவில் இருக்கும் மகனிடம் போகப் போவதாகவும் இங்கிரியவுக்கு அப்பால் இருக்கும் தன் வீட்டில் இரண்டு வருடம் குடியிருந்து பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் தேடுவதாகவும் சொன்னார். ஒரு பக்கம் றப்பர் தோட்டம், மறு பக்கம் காடு. நாகேந்திரம் போய்ப் பார்த்தார். ஒரு மரத்தில் நீளமான சொண்டோடு ஏதோ ஒரு பறவை இருந்தது. அதோடு முடிவு எடுத்துவிட்டார்.

"வருத்தம் உங்களுக்கு" என்றார் பாலேஸ்வரி. "என்னையேன் காட்டுக்குக் கொண்டு போறீங்கள்?"

"நல்ல காத்து, ஈஸ்வரி. உமக்கும் நல்லது."

பாலேஸ்வரிக்கு வேண்டியது காற்றல்ல. முன்கதவைத் திறந்தால் மறுபக்கம் ஸமீமா இருக்க வேண்டும். மஹ்ரூபின் மனைவி ஸமீமாவும் அவரும் பதினெட்டு வருடமாக எதிரெதிர் வீட்டுக்காரர். நான்காம் மாடியின் அந்த இரண்டு கதவுகளும் பகலில் பூட்டப்படுவதே இல்லை. ஒருத்தி அரிசி களைந்துகொண்டே மற்றவளோடு கதைப்பாள். இந்தப் பக்கம் கறிவேப்பிலை தீர்ந்தால் அந்தப் பக்கத்திலிருந்து வரும். சாவியை ஸமீமாவின் கையில் கொடுத்துவிட்டு லிஃப்டுக்குள் ஏறியபோது பாலேஸ்வரி அழவில்லை. ஸமீமாதான் அழுதார். லிஃப்ட் கதவு மூடும் மட்டும் அழுதார்.

புது வீட்டுக்குப் போன இரண்டாம் வாரம் மெல்பேணிலிருந்து பார்சல் வந்தது. கணுக்காலுக்கு மேல் வரும் சப்பாத்து, மடக்கி விரிக்கும் இரண்டு ஊன்றுகோல், பின்கழுத்தை மூடும் துணி தொங்கும் செம்மஞ்சள் தொப்பி, விசில், திசைகாட்டி, அடி எண்ணும் கைக்கடிகாரம். மறுநாள் காலை அத்தனையையும் அணிந்துகொண்டு நாகேந்திரம் முற்றத்தில் நின்றார்.

"எவரெஸ்டுக்கோ?" என்றார் பாலேஸ்வரி.

வேலிக்கு அப்பால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடியும் கீரைக்குள் குனிந்துகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

நாகேந்திரம் காட்டுக்குள் போய் நாற்பதாவது நிமிடம் திரும்பி வந்தார். ஒரு ஊன்றுகோலைக் காணவில்லை. சப்பாத்தின் நாடாத் துளைக்குள்ளால், காலுறையின் நூலுக்குள்ளால், காற்சட்டையின் மடிப்புக்குள்ளால் என்று பதினொரு அட்டைகள் ஏறியிருந்தன. குசுமா அக்கா தேசிக்காயும் உப்பும் கொண்டுவந்து ஒவ்வொன்றாக விழுத்தினார். "அட்டை நல்ல சனத்தைத்தான் பிடிக்கும்" என்ற அர்த்தத்தில் சிங்களத்தில் ஏதோ ஆறுதலும் சொன்னார். நாகேந்திரம் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகும் அவர் நடையை விடவில்லை. பாதையைத்தான் மாற்றினார். றப்பர் தோட்டத்துக்குள் லொறி போகும் அகலமான மண்பாதை ஒன்று இருந்தது. ஏற்றம் இல்லை, அட்டையும் குறைவு. ஒரு கிலோமீற்றர் போனால் நீல நிறத் தண்ணீர்த் தாங்கி வரும். அதைத் தாண்டியதும் சந்தியும் தேநீர்க் கடையும். கடையில் பனங்கட்டியோடு பிளேன்டீ கிடைக்கும். முதலை வடிவத்தில் சுட்டு மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸும் கிடைக்கும். தொலைபேசிக்குச் சிக்னலும் அங்கேதான் இருந்தது. வீடு பள்ளத்தில் இருந்ததால் அங்கே ஒரு கோடுகூட விழாது. இணைய இணைப்புக்கு எழுதிக் கொடுத்ததற்கு இன்னும் ஆள் வரவில்லை.

ஆகவே ஒவ்வொரு நாள் காலையும் ஆறரைக்கு முழு அலங்காரத்தோடு புறப்படுவார். காட்டின் ஓரத்தில் நின்று ஒரு படம் எடுப்பார். கடை வாங்கில் உட்கார்ந்து அதை 'மரைன் டிரைவ் வோக்கர்ஸ்' என்ற வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். "இன்று காலை, காட்டில்" என்று மட்டும் எழுதுவார். பொய் ஒரு சொல்லும் இல்லை. எவ்வளவு தூரம் போனார் என்பதை எழுதவில்லை, அவ்வளவுதான். "மாஷா அல்லாஹ்" என்று மஹ்ரூப் பதில் போடுவார். கிருஷ்ணராஜ் கைதட்டும் படம் போடுவார். இரண்டு பணிஸ் சாப்பிட்டுப் பத்திரிகையும் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்கு வீடு திரும்பிக் காலைச் சாப்பாட்டையும் முடித்து, நடந்த களைப்பில் பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டரைக்குத்தான் எழும்புவார்.

மூன்று மாத முடிவில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. தராசில் பிழை என்று முடிவு செய்தார்.

இனி பாலேஸ்வரியின் பக்கம்.

அவர்கள் போய் மூன்றாம் வாரம் ஸமீமாவுக்கு வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. சந்திக் கடைக்குப் போய் அங்கிருந்து ஒருமுறை பாலேஸ்வரி தொலைபேசி எடுத்துப் பார்த்தார். வாங்கில் இருந்த ஆறு ஆண்கள் பத்திரிகையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்கள். அவர்களில் ஒருவர் நாகேந்திரம். அந்தச் சபையில் ஸமீமாவின் முழங்காலைப் பற்றி என்ன கதைக்க முடியும்? திரும்பி வந்து குசுமா அக்காவிடம் தன் வெள்ளவத்தைச் சந்தைச் சிங்களத்தில் முறையிட்டார். குசுமா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, வா என்று கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் பின்னால் தொடங்கும் ஒற்றையடிப் பாதை அது. காட்டுக்குள்ளால் ஏறி மேலே ஒரு மொட்டைப் பாறையில் முடியும். ஊரில் கல்யாணம் பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் போய்க் கதைப்பார்களாம். அவ்வளவு நல்ல சிக்னல். முதல் நாள் பாலேஸ்வரிக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. ஐந்து இடத்தில் உட்கார்ந்தார். ஓர் இடத்தில், இனி ஒரு அடியும் ஏலாது, என்னை இப்படியே விட்டுவிட்டுப் போ என்று தமிழிலேயே சொன்னார். குசுமா அக்காவுக்குத் தமிழ் தெரியாததால் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பாலேஸ் அக்கா!" என்றது ஸமீமாவின் குரல். "என்ன இப்பிடி மூச்சு வாங்குது? ஓடிட்டா வாரீங்க?"

"மலை ஏறி வந்தனான், உம்மோட கதைக்க. கால் எப்பிடி?"

"காலா? அத ஏன் கேக்கிறீங்க. வோக்கர் கம்பியப் புடிச்சி நடங்கோ நடங்கோண்டு அந்த ஃபிசியோ புள்ள டெய்லி வந்து கரச்சல் பண்ணுது. எனக்கி ஏலா. நோவு தாங்கேலா. நான் படுத்துதான் ஈக்கிறேன்."

பாலேஸ்வரி பாறையில் கால் நீட்டி உட்கார்ந்தார். அவருடைய முழங்காலும் துடித்துக்கொண்டிருந்தது. "இஞ்ச பாரும் ஸமீமா. நான் நாளைக்கும் பத்து மணிக்கு வெளிக்கிட்டு இந்தப் பாறைக்கு ஏறுறன். நான் ஏறி முடியிறதுக்குள்ள நீர் கொரிடோரில நாலு தரம் போய் வர வேணும். நீர் நடக்கேல்லையெண்டால் நான் கோல் எடுக்க மாட்டன்."

"அல்லாஹ்! நாலா?"

"நாலு."

அப்படித் தொடங்கியது. மழை இல்லாத நாளெல்லாம் பாலேஸ்வரி சமையலை முடித்துவிட்டு, நாகேந்திரம் குறட்டை விடத் தொடங்கியதும் புறப்படுவார். பழைய ஹவுஸ்கோட். காலில் பாட்டா செருப்பு. நாகேந்திரம் அலுவலகத்துக்குப் போட்ட நீளக் காலுறைகளை முழங்கால்வரை இழுத்துச் சவர்க்காரம் பூசிக்கொள்வார், அட்டைக்காக. ஒன்றேகால் மணித்தியாலம் ஒரு மணித்தியாலமானது, பிறகு நாற்பது நிமிடம், பிறகு அரை மணித்தியாலம். அங்கே நான்கு தரம் எட்டுத் தரமானது. முதல் மாதம் ஸமீமா கால் நோவில் அழுதார். பாலேஸ்வரியும் சில நாள் அழுதார், அவருக்கு நோவு காலில் இல்லை. இரண்டு பேரும் அழுது முடித்ததும் சமையல் கதைப்பார்கள்.

இதைக் கணவரிடம் அவர் மறைக்கவில்லை. அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. ஹவுஸ்கோட் தொளதொளவென்று போனதும் நாகேந்திரத்தின் கண்ணில் படவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதைத்துவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாகேந்திரம் கடையிலிருந்து முகம் வெளிறி வந்தார்.

"மஹ்ரூபும் கிருஷ்ணராஜும் ஞாயிற்றுக்கிழமை வருகினமாம்."

"நல்லது தானே. கோழி வாங்குவம்."

"சாப்பிட இல்லை, ஈஸ்வரி. நடக்க. என்னோட காட்டுக்குள்ள நடக்க வருகினமாம்."

"பேந்தென்ன? ஒவ்வொரு நாளும் போற வழி தானே" என்றுவிட்டுப் பாலேஸ்வரி தேங்காய் துருவப் போனார்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மஹ்ரூபின் கார் வந்து நின்றது. காலி வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் மஹ்ரூப் புது வெள்ளை டீஷேர்ட்டில் வந்திருந்தார். மடிப்புக்கோடு இன்னும் போகவில்லை. கிருஷ்ணராஜ் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்தவர். எதையும் அளந்து பார்த்த பிறகே நம்புவார். கையில் குடை வைத்திருந்தார். பிளேன்டீயைக் குடித்த கையோடு மூவரும் புறப்பட்டார்கள். நாகேந்திரம் முன்னால் நடந்தார். திசைகாட்டி கழுத்தில் ஆடியது.

அவருடைய திட்டம் எளிது. நீலத் தாங்கி வரை தெரிந்த பாதை. தாங்கியடியில் வலது பக்கமாகக் காட்டுக்குள் ஒரு வழி போவதைத் தினமும் பார்த்திருக்கிறார். அதில் கொஞ்சம் உள்ளே போய், இரண்டு மரங்களைக் காட்டி, ஒரு பறவையின் பெயரைச் சொல்லித் திரும்பினால் போதும்.

வழி காட்டுக்குள் போனது. பின்னர் இரண்டாகப் பிரிந்தது. நாகேந்திரம் இடது பக்கத்தைப் பிடித்தார். அது வளைந்து வளைந்து இறங்கி, இருபது நிமிடத்தில் அவர்களை மறுபடியும் றப்பர் தோட்டத்துக்குள் கொண்டுவந்து விட்டது.

"ஐசே, இந்தத் தாங்கியை முந்தியும் கண்டனாங்கள்" என்றார் கிருஷ்ணராஜ்.

"இது வேற தாங்கி" என்றார் நாகேந்திரம்.

கிருஷ்ணராஜ் பையிலிருந்த பேனாவை எடுத்துத் தாங்கியில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு நடந்தார்.

அதே நேரம் பாலேஸ்வரி பாறையில் இருந்தார். விருந்தாளிகள் வந்தாலும் பத்து மணி பத்து மணிதான். கோழிக்கறி இறக்கியாகிவிட்டது. மாசி மாதம் றப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் மேலே இருந்து பார்க்கத் தோட்டம் முழுவதும் தெரிந்தது. செம்மஞ்சள் தொப்பியும் வெள்ளை டீஷேர்ட்டும் கறுப்புக் குடையும் நன்றாகவே தெரிந்தன.

"ஸமீமா, தாங்கியடிக்குத் திரும்பவும் வந்திட்டினம்."

"எந்தத் தாங்கி?"

"அதே தாங்கிதான். இப்ப வலது பக்கமாப் போகினம். ஓம்... உள்ளுக்குப் போயாச்சு. பொறும்." பாலேஸ்வரி கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. "ஐயோ, இடது பக்கத்தால இறங்கி வருகினம். உம்மட அவர் குந்திட்டார்."

"எங்க குந்தினாரு?"

"நிலத்தில. வெள்ளை டீஷேர்ட்டோட."

ஸமீமா சிரித்த சிரிப்பில் தொலைபேசி அதிர்ந்தது. "அக்கா, சிரிச்சி சிரிச்சி எனக்கி வவுறு நோவுது. போய்க் கூட்டிட்டு வாங்க, பாவம்."

பாலேஸ்வரி கூப்பிட்டுப் பார்த்தார். குரல் எட்டவில்லை. குறுக்குப் பாதையால் இறங்கினார். கீழே தாங்கியடியில் கிருஷ்ணராஜ் தான் போட்ட கோட்டை நாகேந்திரத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நாகேந்திரம் திசைகாட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். மஹ்ரூப் ஒரு மரத்தில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், எனக்கி இனி ஏலா" என்றார் மஹ்ரூப். "நீ டெய்லி இதத்தான் நடக்கிறியா? சுத்திச் சுத்தி?"

அப்போது பற்றைக்குள்ளால் ஹவுஸ்கோட் ஒன்று வெளியே வந்தது.

"மூண்டாம் தரமும் சுத்திறதுக்கு முன்னம் பிடிப்பம் எண்டு ஓடி வந்தனான்" என்றார் பாலேஸ்வரி. மூச்சு வாங்கவில்லை. "அந்தப் பிரிவில வலது பக்கம் திரும்ப வேணும், என்னப்பா."

மூன்று ஆண்களும் அவரையே பார்த்தார்கள். நாகேந்திரத்தின் பார்வை காலுறைகளில் நின்றது. அவை தன்னுடையவை என்று கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நீர் எங்கயிருந்து வாறீர்?"

"மேல பாறையில இருந்து. ஸமீமா என்ர கோலுக்குக் காத்துக்கொண்டு இருக்கிறா, நான் திரும்பிப் போக வேணும். வாறதெண்டால் வாங்கோ, மஹ்ரூப். உங்களோடயும் கதைக்க வேணுமாம்."

மனைவி பெயரைக் கேட்டதும் மஹ்ரூப் எழுந்துவிட்டார்.

ஏறினார்கள். பாலேஸ்வரி முன்னால் போனார். பாட்டா செருப்பு டப் டப் என்று ஒரே சீராகக் கேட்டது. நாகேந்திரம் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எதையாவது காட்டினார். முதலில் ஒரு பறவை, பிறகு ஒரு காளான், பிறகு சும்மா ஒரு கல். மூன்றாவது தடவை கிருஷ்ணராஜும் அந்தக் கல்லை மிகுந்த அக்கறையோடு பார்த்தார். அவருக்கும் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

பாறையில் காற்று அடித்தது. மஹ்ரூப் தொலைபேசியை வாங்கி, "ஸமீமா" என்றுவிட்டு மூச்சு வாங்கினார். மறுபக்கம் சொன்னதைக் கேட்கக் கேட்க அவருடைய முகம் மாறியது. தொலைபேசியைப் பொத்திக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தார். "இன்டைக்கிக் கொரிடோரில பதினாலு தரம் நடந்தாவாம். கம்பி இல்லாம. பொல்லோட மட்டும்." பிறகு தொலைபேசியில், "எங்கிட்ட ஒரு வார்த்த செல்லல்லயே நீங்க?" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?" என்று ஸமீமா கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

நாகேந்திரம் பாறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பள்ளத்தில் மடித்து வைத்த பொலித்தீன் விரிப்பு. அது பறக்காமல் மேலே ஒரு கல். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல். பாறையோரத்து மரத்தடி ஒன்றில் உட்கார்ந்து உட்கார்ந்து மினுங்கிப்போன வேர்.

"எவ்வளவு நாளா வாறீர்?"

"நாலரை மாசம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"மழையெண்டால் இல்லை."

இறங்கும்போது நாகேந்திரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

விருந்து நன்றாகவே நடந்தது. மஹ்ரூப் தாங்கிக் கதையை இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் தாங்கி நான்காகியிருந்தது. கிருஷ்ணராஜ் திருத்தினார். நாகேந்திரமும் சிரித்தார். கார் போன பிறகு குசினிக்குள் வந்து, பாலேஸ்வரி கழுவி வைத்த கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினார். வழக்கமாகச் செய்கிற வேலை அல்ல அது.

"ஈஸ்வரி, திரும்பிப் போவமோ?"

"எங்க?"

"வெள்ளவத்தைக்கு. வீடு பூட்டித்தானே கிடக்கு."

பாலேஸ்வரி தண்ணீர்க் குழாயை மூடினார். "ஏன்? அவையள் பகிடி பண்ணினதுக்கோ?"

"அதில்லை." கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது. "எனக்கு இஞ்ச கதைக்க ஆளில்லை."

"காலமை இரண்டு மணித்தியாலம் கடையில ஆரோட இருக்கிறீங்கள்?"

"இருக்கிறன். நல்ல மனிசர். ஆனா நான் இவ்வளவு காலமும் ஒஃபிஸிலதானே சிங்களம் கதைச்சனான். பொலிஸி கதைப்பன், கிளெய்ம் கதைப்பன். பகிடி விட வராது. அவங்கள் சிரிக்கிறாங்கள், என்னத்துக்கெண்டு விளங்கிறதுக்குள்ள அடுத்த கதைக்குப் போயிடுறாங்கள். நான் பணிஸைச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பன்."

பாலேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தும் இந்த மனிதர் இப்படி ஒரு விடயம் சொல்லி அவர் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"முதல் இரண்டு மாசத்தில இதைக் கேட்டிருந்தால் அண்டைக்கே பெட்டி கட்டியிருப்பன்" என்றார். "மேல போய் ஸமீமாவுக்குச் சொல்லிச் சொல்லி அழுதனான், தெரியுமோ? பிறகு எப்பவெண்டு தெரியாது, அழுகிறது நிண்டு போச்சு. இப்ப அந்த ஏத்தம் இல்லாட்டி எனக்குப் பொழுது விடியாது. நான் வரேல்லை. உங்களுக்கு வேணுமெண்டால் போய் மஹ்ரூபோட இருங்கோ."

நாகேந்திரம் கோப்பையை அடுக்கில் வைத்தார்.

"இல்லாட்டி" என்றார் பாலேஸ்வரி, "நாளைக்குப் பத்து மணிக்கு நித்திரை கொள்ளாமல் என்னோட வாங்கோ. பாறையில நிண்டு நீங்களும் ஆசை தீரக் கதைக்கலாம். ஆனா சிக்னல் பதினைஞ்சு நிமிஷம் எனக்கு, அதுக்குப் பிறகுதான் உங்களுக்கு."

திங்கட்கிழமை அவர் போனார். ஐம்பத்தைந்து நிமிடம் எடுத்தது. சப்பாத்து காலை வெட்டியதால் செவ்வாய்க்கிழமை செருப்போடு போனார். புதன்கிழமை மழை. மழைக்காக நாகேந்திரம் வருணனுக்கு நன்றி சொன்னதைப் பாலேஸ்வரி கேட்டும் கேட்காதது போல் இருந்தார். வியாழக்கிழமை மறுபடியும் போனார்கள். பாறையில் மஹ்ரூபைப் பிடித்துக் கடை வியாபாரம், அரசியல், கிருஷ்ணராஜின் குறட்டை என்று எல்லாம் கதைத்தார். அவருடைய முறை வந்தால் நாற்பது நிமிடமாகும். பாலேஸ்வரி எழும்பி நடக்கத் தொடங்கினால்தான் நிறுத்துவார். கடைக்குப் போவதையும் விடவில்லை. பாறையில் மஹ்ரூபுக்குச் சொல்லிச் சிரித்த பகிடிகளில் ஒன்றைக் குசுமா அக்காவிடம் கேட்டுச் சிங்களமாக்கி ஒரு காலை கடையில் விட்டுப் பார்த்தார். ஒருவர் மட்டும் சிரித்தார். அன்று முழுவதும் நாகேந்திரத்தின் நடையே வேறாக இருந்தது.

சித்திரை மாதம் பரிசோதனைக்கு வெள்ளவத்தைக்கு வந்தார்கள். அவருக்கு எண்பத்தெட்டு கிலோ, இரத்தத்தில் சீனியும் இறங்கியிருந்தது. டொக்டர் சந்தோஷப்பட்டு, என்ன உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார். "புஷ் வோக்" என்று நாகேந்திரம் நிமிர்ந்து சொன்னார். பக்கத்துக் கதிரையிலிருந்து, "நான் இழுத்துக்கொண்டு போறனான், டொக்டர்" என்று பாலேஸ்வரி சேர்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது ஸமீமா பொல்லோடு கீழே கேற்வரை வந்து நின்றிருந்தார். அவரும் பாலேஸ்வரியும் அன்று லிஃப்டில் ஏறாமல் நான்கு மாடியும் படியால் ஏறினார்கள், ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்று. நாகேந்திரமும் மஹ்ரூபும் லிஃப்டில் முதலே போய் மேலே காத்திருந்தார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், பாறையில் கதை முடிந்த பிறகு நாகேந்திரம் கேட்டார்.

"ஈஸ்வரி, அங்கால என்ன இருக்கு?"

"எங்கால?"

"பாறைக்கு மற்றப் பக்கம். பாதை போகுது, பாரும்."

பாலேஸ்வரி பார்த்தார். பாதை ஒன்று பன்னச் செடிகளுக்குள்ளால் இறங்கிப் போய்க்கொண்டுதான் இருந்தது. தினமும் வந்தும் அவர் அதில் கால் வைத்ததில்லை. சிக்னல் இங்கே இருக்கும்போது அங்கே போவதற்கு என்ன தேவை?

"தெரியாது" என்றார்.

"போய்ப் பாப்பமோ?"

போனார்கள். ஓடை ஒன்று வந்தது. நாகேந்திரம் முதலில் கடந்து கையை நீட்டினார். பாலேஸ்வரி கையைப் பிடிக்காமல் கடந்துவிட்டு, பிறகு என்ன நினைத்தாரோ, பிடித்துக்கொண்டார். தேயிலைத் தோட்டத் துண்டு ஒன்று, ஒரு புத்த பன்சலையின் மதில், இரண்டு நாய்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு தார் வீதியில் வந்து நின்றார்கள். எந்த ஊர் என்று இருவருக்கும் தெரியவில்லை. நாகேந்திரத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் முகத்தில் எவரெஸ்டில் கொடி நட்டவர் போல ஒரு களை.

அப்போது வளைவைத் திரும்பி ஒரு பஸ் வந்தது. ஹொரணை என்று பலகை. நாகேந்திரம் கையை நீட்டி நிற்பாட்டினார். கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, "கொஹேத யன்னே?", எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். உள்ளே இரண்டு சீட் வெறுமையாக இருந்தது, ஜன்னல் பக்கமாக. நாகேந்திரம் ஒரு காலைப் படியில் வைத்தும்விட்டார்.

பின்னாலிருந்து பாலேஸ்வரியின் குரல் வந்தது. "யன்ன மல்லி, யன்ன. அபி பயின் யனவா."

தம்பி போகட்டுமாம், அவர்கள் நடந்து போகிறார்களாம்! நாகேந்திரம் திரும்பிப் பார்த்தார். பாலேஸ்வரி வந்த பாதையைப் பார்த்தபடி நின்றுகொண்டு, காலுறையைக் குனிந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாகேந்திரத்தின் தோளைத் தொட்டு, மெதுவாக அவரை வீதியில் இறக்கிவிட்டு, மணியை அடித்தார்.